நாலரை மணிக்கு எழுப்பிப் படிக்க வைக்கலாமா? பிள்ளைகளின் தூக்கமும் படிப்பும்

கண்டனூர்க்காரி

எல்லோருக்கும் வணக்கம். பெரியவன் பத்தாம் வகுப்பு, சின்னவள் நாலாம் வகுப்பு. காரைக்குடியில் ஒரு தனியார் பள்ளி. பெரியவனுக்கு விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கணக்கு டியூஷன். நாலே முக்காலுக்கு எழுப்ப வேண்டும். ஏழே காலுக்குத் திரும்பி வந்து குளித்துச் சாப்பிட்டு ஏழு ஐம்பதுக்குப் பள்ளி வேன். பள்ளி விட்டு ஸ்பெஷல் கிளாஸ், அப்புறம் அறிவியல் டியூஷன். வீட்டுக்கு வர எட்டரை ஆகிறது. வீட்டுக்காரர் கடை அடைத்து வரப் பத்தாகும். அவர் வந்த பிறகுதான் எல்லோருமாக உட்கார்ந்து சாப்பிடுவது. பையன் படுக்கும்போது பதினொன்று. சின்னவளும் அப்பா முகத்தைப் பார்க்காமல் தூங்க மாட்டாள். பத்தரைக்குப் படுத்து ஆறுக்கு எழுகிறாள்.

அரையாண்டு விடைத்தாள் வந்துவிட்டது. பெரியவனுக்குக் கணக்கில் காலாண்டைவிடப் பதினான்கு மதிப்பெண் குறைவு. டியூஷனில் சேர்த்த பிறகு குறைந்திருக்கிறதே என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. இரவு கடகடவென்று ஒப்பித்ததை மறுநாள் கேட்டால் விழிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை எழுவதில்லை. காலை டியூஷனை நிறுத்தலாமா என்று கேட்டால் வீட்டில் எல்லோரும், "பொதுத் தேர்வு வருஷத்தில் தூக்கத்தைப் பார்த்தால் ஆகுமா" என்கிறார்கள். அதையே உங்களிடமும் கேட்கிறேன். ஆகுமா, ஆகாதா? திருப்புதல் தேர்வு நெருங்கிவிட்டது.

தேவகோட்டை முத்து

தங்கச்சி, பயப்படாதீர்கள். நாங்களெல்லாம் நாலு மணிக்கு எழுந்து படித்து ஆளானவர்கள்தான். என் அப்பா எழுப்பிவிட்டு, நான் மறுபடி படுத்துவிடாமல் இருக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் படித்த வாய்ப்பாடு இன்றைக்கும் மறக்கவில்லை. விடியற்காலையில் மனசு தெளிவாக இருக்கும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

இன்னொன்றையும் யோசியுங்கள். ஒரே அறை வீட்டில் ஐந்து பேர் இருக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு வேறு எப்போது சத்தமில்லாத நேரம் கிடைக்கும்? டிவி, பேச்சு, கைக்குழந்தை அழுகை எல்லாம் அடங்கியிருப்பது அந்த நாலு மணிக்குத்தான். மார்ச் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டால் அப்புறம் தூங்கிக்கொள்ளலாம்.

கணக்கு வாத்தியார், பள்ளத்தூர்

முத்து அண்ணன் சொல்வதில் பாதியை நான் அப்படியே ஒப்புக்கொள்கிறேன். நானும் நாலு மணிக்கு எழுந்தவன்தான். ஆனால் எங்கள் ஊர் எட்டு மணிக்கு அடங்கிவிடும். எட்டரைக்குப் படுத்தவன் நாலு மணிக்கு எழுந்தால் ஏழரை மணி நேரம் தூங்கியிருக்கிறான். கூடவே, அன்றைக்கு எனக்கு எழுந்ததும் டியூஷன் இல்லை, மாலையில் ஸ்பெஷல் கிளாஸ் இல்லை. இன்றைக்கு நாலு மணியை மட்டும் பிடித்துக்கொண்டு எட்டரை மணியை விட்டுவிட்டோம். தங்கச்சி சொல்லும் கணக்குப்படி பையனுக்குக் கிடைப்பது ஆறு மணி நேரம்கூட இல்லை.

தங்கச்சி, ஒன்று செய்யுங்கள். அந்த விடைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு குறைந்த மதிப்பெண்ணை இரண்டாகப் பிரியுங்கள். தெரியாமல் விட்டது எவ்வளவு, தெரிந்தும் தப்பாகப் போட்டது எவ்வளவு? தூக்கம் கெட்ட பிள்ளையின் தாள் எனக்குப் பார்த்ததுமே தெரியும். இருபடிச் சமன்பாட்டைச் சரியாகக் காரணிப்படுத்தியிருப்பான். அடுத்த வரிக்கு இறக்கும்போது கழித்தல் குறி கூட்டலாகியிருக்கும். வினாத்தாளில் 48 என்று இருக்கும், இவன் 84 என்று எடுத்து எழுதி, அந்த 84-க்கு முழுக் கணக்கையும் பிசகாமல் போட்டிருப்பான். வரைபடத்தில் வளைவு சரியாக இருக்கும், அளவுத்திட்டம் எழுத மறந்திருப்பான். இந்த மாதிரித் தப்புகளுக்கு இன்னொரு டியூஷன் மருந்தே இல்லை.

முதல் பாடவேளையில் கரும்பலகையிலிருந்து திரும்பினால் எனக்குத் தென்படுவதையும் சொல்லிவிடுகிறேன். பையன் எழுதிக்கொண்டேதான் இருப்பான். கண்ணும் திறந்திருக்கும். கிட்டப் போய் நோட்டைப் பார்த்தால் எழுத்து வரியைவிட்டு மெல்லக் கீழே இறங்கி, கடைசிச் சொல்லுக்குப் பிறகு பேனா ஒரு நீளக் கோடாக இழுத்துக்கொண்டு போயிருக்கும். கேட்டால், "தூங்கல சார்" என்பான். பொய் சொல்லவில்லை, அவனுக்கே தெரியாது. அந்தப் பிள்ளையைத் திட்ட எனக்கு மனசு வருவதில்லை.

ஆய்வு மாணவன், கழனிவாசல்

கல்வியியலில் ஆய்வு செய்கிறேன். சார் சொன்ன நோட்டுப் புத்தகக் கோட்டுக்கு ஆராய்ச்சியில் பெயரே உண்டு, நுண்தூக்கம். கண் திறந்திருக்கும்போதே மூளை சில நொடிகள் தூங்கிவிடுகிறது. அந்த நொடிகளில் ஆசிரியர் சொன்ன ஒரு படி விட்டுப்போனால் அதற்கு மேல் வரும் எதுவும் புரியாது.

எத்தனை மணி நேரம் வேண்டும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம். அக்காவின் பையன் ஆறுக்கும் கீழே. சின்னவள் ஏழரை மணி நேரம் தூங்குகிறாள், அவளுக்கும் ஒன்றரை மணி நேரம் குறைகிறது. எல்லோரும் பெரியவனைப் பற்றியே பேசுகிறோம். உண்மையில் இருவருமே கடனில்தான் இருக்கிறார்கள்.

ஒரு மணி நேரத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். டெல் அவீவ் பல்கலைக்கழகத்தின் அவி சடே குழு 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. நாலாம் வகுப்பு, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு சாராரை மூன்று இரவுகள் ஒரு மணி நேரம் முன்னதாகப் படுக்கச் சொன்னார்கள், மற்றவர்களை ஒரு மணி நேரம் தாமதமாக. உண்மையில் கூடியதும் குறைந்ததும் சராசரியாக முக்கால் மணி நேரத்துக்குள்தான். அதற்கே கவனம், நினைவு, எதிர்வினை வேகம் பார்க்கும் சோதனைகளில் இரு சாராருக்கும் நடுவே விழுந்த இடைவெளி, நாலாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் இயல்பாக இருக்கும் இடைவெளிக்கு ஈடாக இருந்தது.

"ஒப்பித்தது மறுநாள் நிற்கவில்லை" என்று அக்கா எழுதியதுதான் இதில் முக்கியமான இடம். பகலில் படிப்பது முதலில் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் தற்காலிகமாகப் பதிகிறது. ஆழ்ந்த உறக்கத்தில் மூளை அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துப் பெருமூளைப் புறணி என்ற வெளியடுக்கில் நிலைக்க வைக்கிறது. 1924-லேயே ஜென்கின்ஸ், டாலன்பேக் என்ற இருவர், ஒரே பாடத்தைப் படித்துவிட்டுத் தூங்கியவர்களுக்கு விழித்திருந்தவர்களைவிட அதிகம் நினைவிருப்பதைக் காட்டிவிட்டார்கள். இரவின் முன்பாதியில் ஆழ்ந்த உறக்கம் அதிகம். கனவு காணும் உறக்கம் பின்னிரவில், விடியலை ஒட்டித்தான் மிகுதியாக வருகிறது. நாலே முக்காலுக்கு எழுப்பும்போது அந்தக் கடைசிப் பகுதியை அப்படியே வெட்டிவிடுகிறோம். ராத்திரி படித்ததை நிலைக்க வைக்கும் தூக்கம் முழுசாக முடியும் முன்பே எழுப்பி அடுத்த பாடம் நடத்துகிறோம்.

தேவகோட்டை முத்து

தம்பி நிறையப் படித்திருக்கிறார், மறுக்கவில்லை. அப்படியென்றால் எட்டரைக்கே படுக்க வைத்து நாலுக்கு எழுப்பினால் சரியாகிவிடுமா? என் மகன் ஒன்பதாம் வகுப்பு. ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்தாலும் பத்தரை வரை புரண்டுகொண்டுதான் கிடக்கிறான். வேலை இல்லாத பிள்ளை, அதனால்தான் தூக்கம் வரவில்லை என்று நினைக்கிறேன்.

ஆய்வு மாணவன், கழனிவாசல்

அண்ணே, அது உங்கள் மகனின் குற்றம் இல்லை. பருவ வயதில் உடம்பின் கடிகாரமே தள்ளிப்போகிறது. தூக்கத்துக்கு உடம்பைத் தயார் செய்யும் மெலடோனின் சுரப்பு சின்னப் பிள்ளைகளைவிட ஒன்று, ஒன்றரை மணி நேரம் தாமதமாகத் தொடங்குகிறது. பிரவுன் பல்கலைக்கழகத்தின் மேரி கார்ஸ்கடான் பல பத்தாண்டுகளாக இதை ஆராய்ந்து காட்டியிருக்கிறார். பத்து வயதுப் பிள்ளையை எட்டரைக்குத் தூங்க வைக்கலாம். பதினைந்து வயதுப் பிள்ளை எட்டரைக்குத் தூங்குவது ரொம்பக் கஷ்டம். அதனால்தான் அந்த வயதில் காலைத் தூக்கத்தைத் தொடக் கூடாது என்கிறேன்.

வெளிநாட்டில் இதற்காகப் பள்ளி நேரத்தையே மாற்றியிருக்கிறார்கள். சியாட்டில் நகரத்தில் 2016-இல் உயர்நிலைப் பள்ளிகளை 7.50-லிருந்து 8.45-க்குத் தள்ளினார்கள். பிள்ளைகள் கூடுதலாக 34 நிமிடம் தூங்கினார்கள், மதிப்பெண்ணும் கூடியது. கலிபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிகள் 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டமே போட்டு, 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது.

கணக்கு வாத்தியார், பள்ளத்தூர்

தம்பி, அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. அவர்கள் சட்டம் போட்டுப் பெற்ற நேரம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. நம் அரசுப் பள்ளிகள் ஒன்பது மணிக்கு மேல்தான் தொடங்குகின்றன. பொதுத் தேர்வே பத்து மணிக்குத்தான். பிள்ளை ஆறரை வரை தூங்கினாலும் நிம்மதியாகக் குளித்துச் சாப்பிட்டு வரலாம். அந்த நேரத்தை டியூஷனுக்கும் ஊர் ஊராகச் சுற்றி வரும் வேனுக்கும் நாமாகவே எடுத்துக் கொடுத்துவிட்டோம். புதுவயலிலிருந்தும் கோட்டையூரிலிருந்தும் வேனில் வரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன், கண்ணாடியில் தலையை முட்டிக்கொண்டு தூங்கித்தான் வருகிறார்கள்.

ஒரே அறை வீட்டுப் பிள்ளையைப் பற்றி முத்து அண்ணன் சொன்னதை நான் தள்ளிவிடவில்லை. என்னிடம் படிப்பவர்களில் பாதிப் பேர் அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிறவர்கள்தான். அவர்களுக்கு மாலை ஐந்திலிருந்து ஆறரை வரை வகுப்பறையைத் திறந்து வைக்கலாம், நூலகத்தில் உட்கார வைக்கலாம். சத்தமில்லாத இடம் தருவது பெரியவர்கள் பொறுப்பு. அதற்குப் பிள்ளையின் தூக்கத்திலிருந்து வட்டி வாங்கக் கூடாது.

மீனா, புதுவயல்

நான் காது மூக்கு தொண்டைப் பிரிவில் செவிலியர். கண்டனூர் அக்கா, சின்னவளைப் பற்றி ஒன்று கேட்கட்டுமா? அவள் தூங்கும்போது குறட்டை விடுகிறாளா? வாயைத் திறந்து மூச்சு விடுகிறாளா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. "படிப்பில் மந்தம், ஓர் இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான், எப்போதும் துறுதுறுவென்று இருக்கிறான்" என்று கூட்டி வருவார்கள். பெரியவர்களுக்குத் தூக்கம் கெட்டால் சோர்ந்து போவோம். சின்னப் பிள்ளைகள் பல பேர் அதற்கு நேர்மாறாகத் துள்ளுவார்கள், அடம் பிடிப்பார்கள், எரிந்து விழுவார்கள். அதனால் தூக்கக் குறைவு என்று யாருக்கும் தோன்றாது, சேட்டை என்றுதான் பெயர் வரும். இரவில் எப்படித் தூங்குகிறான் என்று விசாரித்தால், "குறட்டை விட்டு நல்லாத் தூங்குவான்" என்பார்கள். பிள்ளைக்குத் தினமும் குறட்டை வந்தால் அது நல்ல தூக்கம் இல்லை. பெரும்பாலும் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையோ தொண்டைச் சதையோ வீங்கி மூச்சுப் பாதையை அடைக்கிறது. மூச்சு தடைப்படும் ஒவ்வொரு முறையும் மூளை அரைகுறையாக விழிக்கிறது. பத்து மணி நேரம் படுக்கையில் இருந்தாலும் பலன் இல்லை.

அமெரிக்காவில் டேவிட் கோசல் என்ற மருத்துவர் 1998-இல் வெளியிட்ட ஆய்வைப் பயிற்சியின்போது எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். முதல் வகுப்பில் கடைசி வரிசை மதிப்பெண் வாங்கிய 297 பிள்ளைகளைப் பார்த்ததில் 54 பேருக்குத் தூக்கத்தில் மூச்சுக் கோளாறு இருந்தது. அதில் சதையை அகற்றிச் சிகிச்சை எடுத்துக்கொண்ட பிள்ளைகளின் மதிப்பெண் அடுத்த ஆண்டு உயர்ந்தது. சிகிச்சை எடுக்காதவர்களுக்கு உயரவில்லை.

இன்னொன்று, கால் குடைச்சல். "காலைப் பிடித்து விடு" என்று பிள்ளை ராத்திரியில் அழுதால் வளர்ச்சி வலி என்று விட்டுவிடாதீர்கள். இரும்புச்சத்துக் குறைவாலும் வரும். ரத்தப் பரிசோதனை செய்து மருத்துவர் சொன்ன பிறகு மருந்து கொடுங்கள், கடையில் நீங்களாக டானிக் வாங்க வேண்டாம்.

திருப்பத்தூர் பிளஸ் டூ

பெரியவர்கள் பேசும் இடத்தில் எழுதலாமா தெரியவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். போனைத் தூர வை என்று வீட்டிலும் பள்ளியிலும் எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் பள்ளியில் வீட்டுப்பாடமும் நாளைக்கு வைக்கும் டெஸ்டும் வாட்ஸ்அப் குழுவில்தான் வரும், அதுவும் இரவு ஒன்பதரை மணிக்கு மேல். பார்க்காமல் படுத்தால் மறுநாள் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டுப் போனைக் கீழே வைக்க என்னாலும் முடிவதில்லை, அது உண்மை. ஆனால் போனைக் கையில் எடுக்க வைத்தது யார்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வருவது விடியற்காலை. எழுந்து பிடித்து வைப்பது நான். வாசல் தெளிப்பதும் நான். தம்பி எட்டாம் வகுப்பு, அவன் தூங்குகிறான் என்று யாரும் எழுப்ப மாட்டார்கள். எனக்கும் பொதுத் தேர்வுதான். தூக்கத்தைப் பற்றிப் பேசும்போது பெண் பிள்ளைகளின் தூக்கத்தையும் கணக்கில் எடுங்கள்.

கண்டனூர்க்காரி

கண்ணு, நன்றாகச் சொன்னாய். உன் அம்மாவிடம் இதை அப்படியே காட்டு.

சார், நீங்கள் சொன்னபடி விடைத்தாளைப் பிரித்துப் பார்த்தேன். குறைந்த மதிப்பெண்ணில் பாதிக்கு மேல் நீங்கள் சொன்ன ரகம்தான். ஓர் இடத்தில் கணக்கு முழுவதும் சரி, விடையை எழுதும் இடத்தில் வேறு கணக்கின் விடையை எழுதியிருக்கிறான். கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மீனா, சின்னவளுக்குச் சளி பிடித்தால்தான் குறட்டை வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது, கவனித்துச் சொல்கிறேன்.

சென்னையிலிருந்து ஒரு பொன்னமராவதிக்காரன்

பொருளாதாரம் படித்தவன். தூக்க நேரத்தைக் கூட்டினாலே எல்லாம் சரியாகிவிடும் என்று முடிவு கட்டுவதற்கு முன் சென்னையில் நடந்த ஓர் ஆய்வையும் பாருங்கள். 2021-இல் வெளிவந்தது. பிள்ளைகள் இல்லை, குறைந்த வருமானமுள்ள பெரியவர்கள் 452 பேர், கணினியில் தரவு ஏற்றும் வேலை. படுக்கையில் எட்டு மணி நேரம் கிடந்தும் அவர்கள் உண்மையில் தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான். கையில் கருவி கட்டி அளந்தார்கள். கண்ணை மறைக்கும் துணி, காதடைப்பான், ஃபேன் எல்லாம் கொடுத்து, ஊக்கத்தொகையும் கொடுத்ததில் தூக்கம் 27 நிமிடம் கூடியது. ஆனால் வேலையில் முன்னேற்றம் எதுவும் இல்லை. அதே ஆய்வில் அலுவலகத்திலேயே மத்தியானம் அரை மணி நேரம் தூங்க விட்டவர்களுக்கு மட்டும் வேலைத் திறனும் மனநிலையும் மேம்பட்டன.

இதை வைத்து ராத்திரித் தூக்கம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வெக்கையிலும் கொசுக்கடியிலும் சத்தத்திலும் துண்டு துண்டாகத் தூங்கும் எட்டு மணி நேரம், எட்டு மணி நேரத் தூக்கம் ஆகாது. பிள்ளை எத்தனை மணிக்குப் படுக்கிறது என்பதோடு எங்கே, எப்படிப் படுக்கிறது என்பதையும் பாருங்கள்.

வளவு வீட்டு ஆச்சி

பேரன் தட்டச்சுச் செய்து தருகிறான். இத்தனை பேர் பிள்ளைகளின் தூக்கத்தைப் பற்றிப் பேசுவதைக் கேட்க மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

எங்கள் காலத்தில் பிள்ளைகள் எல்லோரும் வளவு முற்றத்தைச் சுற்றிய பத்தியில் வரிசையாகப் படுப்போம். நடுவில் வானம் திறந்திருக்கும். பகல் வெக்கை அந்த வழியாக மேலே போய்விடும், ஆத்தங்குடிக் கல் தரை ராத்திரியில் சில்லென்று இருக்கும். இப்போது அந்த வீட்டைப் பூட்டி வைத்துவிட்டுப் பக்கத்திலேயே காங்கிரீட் வீடு கட்டி, மொட்டை மாடிக்கு நேர் கீழே பிள்ளைகளுக்கு அறை கொடுத்திருக்கிறார்கள். சித்திரை மாதம் அந்தத் தளம் நடுச்சாமம் வரை சூட்டைக் கக்குகிறது. பிள்ளை எப்படித் தூங்கும்? கீழ்த்தளத்தில் படுக்க வையுங்கள், சாயங்காலம் மாடியில் தண்ணீர் தெளியுங்கள், ஜன்னலுக்குக் கொசுவலை அடியுங்கள்.

இன்னொன்று. என் அப்பச்சி, அதாவது அப்பா, பினாங்கில் இருந்தார்கள். இங்கே பாதி வீடுகளில் ஆண்கள் கடல் கடந்துதான் இருந்தார்கள். அதனால் ராத்திரிச் சாப்பாடு யாருக்காகவும் காத்திருக்காது. விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் பிள்ளைகளுக்கு இலை போட்டுவிடுவார்கள். எட்டு மணிக்குப் பட்டாலைக் கூடம் நிசப்தமாகிவிடும். கண்டனூர் மகளே, பெரியவனுக்கு வயது ஆகிவிட்டது, அவன் கொஞ்சம் விழித்திருக்கட்டும். சின்னவளுக்கு ஏழரைக்குச் சோறு போட்டு ஒன்பதுக்குள் படுக்க வை. அப்பா வந்த பிறகுதான் சாப்பாடு என்பது பெரியவர்களோடு நிற்கட்டும்.

மளிகைக் கடைக்காரர், செக்காலை ரோடு

ஆச்சி சொன்னதைப் படித்தேன். நானும் பத்து மணிக்குக் கடை அடைக்கிறவன். என் மகள் இரண்டாம் வகுப்பு. நான் வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டால் ஓடி வருவாள். ஒரு நாள் முழுக்க நின்ற கால் வலியெல்லாம் அந்த நேரத்தில்தான் போகும். அவளைத் தூங்க வைத்துவிட்டால் நான் பிள்ளையைப் பார்ப்பது எப்போது? என்னைப் போன்றவர்களுக்கு இது லேசான விஷயம் இல்லை. இதை யாரும் சொல்லவில்லையே என்றுதான் எழுதுகிறேன்.

கணக்கு வாத்தியார், பள்ளத்தூர்

ஐயா, உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. காலையில் கடை எத்தனை மணிக்குத் திறக்கிறீர்கள்? எட்டரை என்றால் எழுப்புவதிலிருந்து தலை வாரிப் பள்ளியில் விடுவது வரை உங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் தூக்கக் கலக்கத்தில் கிடைக்கும் அரை மணி நேரத்தைவிட, விழிப்பாக இருக்கும் மகளோடு ஒரு மணி நேரம் கிடைக்கும். பிள்ளையை அப்பா கொண்டுவந்து விடுவது வகுப்பில் அதற்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

மளிகைக் கடைக்காரர், செக்காலை ரோடு

காலையில் சரக்கு இறங்கும் வேலை இருக்கிறது. வாரத்தில் எல்லா நாளும் முடியாது. முடிகிற நாளில் செய்கிறேன் சார்.

தேவகோட்டை முத்து

மத்தியானத் தூக்கம் பற்றிப் பொன்னமராவதி நண்பர் சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. அப்படியென்றால் பத்தாம் வகுப்புப் பிள்ளை சாயங்காலம் வந்ததும் ஒரு தூக்கம் போட்டுவிட்டு ராத்திரி படிக்கலாமே?

ஆய்வு மாணவன், கழனிவாசல்

அண்ணே, மத்தியானம் இருபது, முப்பது நிமிடம் என்றால் நல்லது. ஆறு மணிக்கு மேல் ஒரு மணி நேரம் தூங்கினால் ராத்திரித் தூக்கம் தள்ளிப்போகும், மறுபடி அதே சுழல். பால்வாடிப் பிள்ளைகளுக்கோ மத்தியானத் தூக்கம் கட்டாயம் வேண்டும். மசாசூசெட்ஸில் 2013-இல் ஓர் ஆய்வு செய்தார்கள். காலையில் அட்டைகளில் இருக்கும் படங்களின் இடத்தை நினைவில் வைக்கும் விளையாட்டு. மத்தியானம் தூங்கிய நாளில் பிள்ளைகள் நினைவில் வைத்தது அதிகம், தூங்க விடாத நாளில் மறந்துவிட்டார்கள், அன்றிரவு தூங்கியும் அந்த இழப்பு ஈடாகவில்லை. நம் அங்கன்வாடிகளில் சாப்பாட்டுக்குப் பிறகு பாய் விரித்துப் படுக்க வைக்கிறார்களே, அது அருமையான பழக்கம். "எல்கேஜியில் எழுதச் சொல்லிக் கொடுக்காமல் தூங்க வைக்கிறார்கள்" என்று குறை சொல்லும் பெற்றோரிடம் இதைச் சொல்லுங்கள்.

டீ, காபி பற்றியும் ஒரு வரி. குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும் காஃபீனில் பாதியளவு உடம்பில் இருக்கும். இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளைக்குக் காபி போட்டுக் கொடுத்துப் படிக்க வைக்காதீர்கள்.

மீனாட்சிபுரத்துக்காரன்

மாசி பங்குனித் திருவிழா வரப்போகிறது. முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்கிற குடும்பம் எங்களுடையது, திருவிழாவைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சரியாகப் பொதுத் தேர்வு நேரம் அது. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதியிலேயே இருக்கிறது. திருவிழாவுக்குச் சில நாட்கள் நள்ளிரவு வரை அரசு தளர்வு தரலாம், அதற்கு மேல் இல்லை. போன வருஷம் எங்கள் தெருவில் பேசி, குழாய் ஒலிபெருக்கியை வீடுகள் பக்கம் திருப்பாமல் கட்டச் சொன்னோம், கட்டினார்கள். பிள்ளைகளுக்குத் தேர்வு என்று முன்கூட்டியே போய்ச் சொன்னால் கேட்கிறார்கள். ராத்திரி பதினொரு மணிக்குப் போய்ச் சண்டை போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.

தேவகோட்டை முத்து

சரி. நான் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை, நாலு மணிப் படிப்பு என்னை ஆளாக்கியது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் என் மகனை வரும் வாரத்திலிருந்து ஆறு மணிக்கு எழுப்பிப் பார்க்கிறேன். ஒரு கேள்வி. வாரம் முழுக்க ஆறரை மணி நேரம் தூங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை தூங்கினால் கணக்கு நேராகிவிடாதா? அதேபோலத் தேர்வுக்கு முதல் நாள் மட்டும் நன்றாகத் தூங்கினால் போதாதா?

ஆய்வு மாணவன், கழனிவாசல்

இரண்டும் போதாது அண்ணே. அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் வேதியியல் வகுப்பு மாணவர்கள் கையில் கருவி கட்டி ஒரு பருவம் முழுக்கப் பார்த்து 2019-இல் வெளியிட்டார்கள். தேர்வுக்கு முந்தைய ஒரு இரவின் தூக்கத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பே தென்படவில்லை. பாடம் படித்த வாரங்களில் எவ்வளவு, எவ்வளவு ஒழுங்காகத் தூங்கினார்கள் என்பதற்குத்தான் தொடர்பு இருந்தது. மதிப்பெண் வித்தியாசத்தில் ஏறக்குறைய கால்வாசி தூக்கத்தோடு ஒத்துப்போனது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினால் பரவாயில்லை. பன்னிரண்டு வரை தூங்கினால் அன்றிரவு தூக்கம் வராது, திங்கட்கிழமை காலை அத்தனையும் பாழ். ஆகையால் மார்ச் மாதத்துக்காக இப்போதிருந்தே தூங்க வேண்டும்.

கண்டனூர்க்காரி

டியூஷன் மாஸ்டரிடம் பேசினேன். விடைத்தாளையும் கொண்டுபோய்க் காட்டினேன். காலை வகுப்பைச் சனி, ஞாயிறு ஒன்பது மணிக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்டதற்கு, இன்னும் இரண்டு மூன்று பெற்றோர் கேட்டால் பார்க்கலாம் என்கிறார். வேறு யார் பிள்ளைகளாவது அந்த ஐந்தரை மணி வகுப்பில் இருந்தால் எனக்குத் தனியாகத் தகவல் அனுப்புங்கள், சேர்ந்து போய்க் கேட்போம்.

மீனா, நேற்று சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். சளி இல்லை, ஆனாலும் வாய் திறந்துதான் தூங்குகிறாள், குறட்டையும் இருக்கிறது. நடுவில் மூச்சு நின்று பிறகு இழுப்பதுபோலத் தெரிந்தது. நாளைக்கே கூட்டிப் போகட்டுமா?

மீனா, புதுவயல்

தாமதிக்க வேண்டாம் அக்கா, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். காரைக்குடியில் காட்டலாம், இல்லையென்றால் சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். இன்றைக்கு ராத்திரி அவள் தூங்கும்போது முகமும் நெஞ்சும் தெரிகிற மாதிரி இரண்டு மூன்று நிமிடம் சத்தத்தோடு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் மருத்துவர் முன்னால் பிள்ளை நன்றாகத்தான் மூச்சு விடும், இது கையில் இருந்தால் அவருக்கு உதவும். படுக்கையில் சிறுநீர் போகிறாளா, தூக்கத்தில் வியர்க்கிறதா, காலையில் தலைவலி என்கிறாளா என்பதையும் எழுதி எடுத்துப் போங்கள். புற நோயாளிப் பிரிவுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், மத்தியானத்துக்கு மேல் சீட்டுக் கிடைப்பது கஷ்டம்.